பூப்போட்டு எடுத்த மைக்

சங்ககிரியில் கோகிலவாணியின் முகத்தைத் தெரிந்தவர்கள் காலனிக்குள்ளேயே அடங்கிவிடுவார்கள். அவள் குரலைக் கேட்காதவர்கள் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் இருக்க வாய்ப்பில்லை. "கல்லுப்பு, தூளுப்பு, கோலமாவு" என்று விடியற்காலையில் ஆட்டோவில் வந்து எழுப்புகிற குரல் அவளுடையது. உதிர்ந்த தலைமுடிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவரும் அவள் குரலில்தான் தருகிறார். போன தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஒரு வாரம் ஓட்டுக் கேட்டாள், அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்கும் அதே உருக்கத்தோடு கேட்டாள். யாரும் குறை சொல்லவில்லை. தலைவர்களே செய்கிற காரியம்தானே.

முப்பத்திரண்டு வயது. புருசன் நிலவன் லாரிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மகனுக்குப் பெயரைத் தமிழிலும், வாயைக் கொஞ்சம் நீளமாகவும் கொடுத்துவிட்டுப் போனவர். இவர்கள் குடியிருக்கும் வீடு ஒரு லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தகரத்தின்மேல் விழும் முதல் சுத்தியலடி இவர்கள் வீட்டு டம்ளர்களை ஒருமுறை எழுப்பிவிட்டுத்தான் ஓயும். கோகிலவாணி ரெக்கார்டிங் செய்வது பீரோவுக்குள். சேலைகளை நடுவில் ஒதுக்கி, போனோடு தலையையும் உள்ளே விட்டு, கதவை முடிந்தவரை மூடிக்கொண்டு "கல்லுப்பு" என்பாள்.

உப்பு விற்க அது போதும். ஆனால் அவளிடம் ஒரு பழைய டைரியில் பதினொரு பாட்டு இருந்தது. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டவை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆறு மாதமாகத் திரும்பாத புருசனுக்கு ஒன்று. பெண் பார்க்க வந்து, ஏழு பஜ்ஜி தின்றுவிட்டு, நிறம் கம்மி என்று சொல்லிப்போன மாப்பிள்ளைக்கு ஒன்று. அந்தப் பாட்டுகளைப் போனில் எடுத்தால் உறுமி டால்டா டப்பா ஆகிறது. அவள் குரலின் அடி ஆழம் காணாமல் போகிறது. ஒரு நல்ல மைக் வேண்டும். ஒன்றே ஒன்று. குரலுக்கும் அதுவே, உறுமிக்கும் அதுவே, நாயனத்துக்கும் அதுவே, உப்புக்கும் அதுவே. ஒரே சட்டியில் சோறும் சாறும் வைக்கிற குடும்பத்துக்கு ஒரு மைக்குக்கு மேல் ஆசைப்பட வழியில்லை.

ஆறு மாதம் போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். பிறகு நிலவனோடு சேலத்துக்குப் போய் ஒரு கடையில் இரண்டு மைக்கை எடுத்து வைக்கச் சொன்னாள். ஒன்று தங்க நிறத்தில், உருண்டையாக, கோயில் கலசத்தைக் கவிழ்த்தாற்போல இருந்த கன்டென்சர். இன்னொன்று கறுப்பாக, கட்டையாக, பார்த்தால் நாலாவது ரவுண்டில் டெபாசிட் இழக்கிற வேட்பாளர் போலிருந்த டைனமிக்.

"பாடிப் பாருங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"நான் பாடறது இருக்கட்டுங்க. நீங்க கொஞ்சம் அந்த மூலைல போயி இதை வெச்சு ஸ்டூலைத் தட்டுங்க" என்று பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்து நீட்டினாள்.

கடைக்காரர் நிலவனைப் பார்த்தார். "தட்டுங்க சார், அவ உடமாட்டா" என்றான் நிலவன்.

அவர் தட்டினார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோகிலவாணி இரண்டு மைக்கிலும் மெல்ல ராகம் இழுத்தாள். தங்க மைக்கில் அவள் குரல் தேன் மாதிரி வந்தது. கூடவே சுத்தியல், மின்விசிறி, தெருவில் போன பஸ், பக்கத்துக் கடையில் சில்லறைக்கு நடந்த சண்டை எல்லாம் வந்தன. கறுப்பு மைக்கில் அவள் குரல் மட்டும் வந்தது. தேன் இல்லை, கருப்பட்டி. ஆனால் அவளுடைய கருப்பட்டி.

"மாமா, அது ஊர் வம்பெல்லாம் கேக்கற காது. இது தன் சோலியைப் பாக்கற காது. நம்மூட்டுக்கு இதுதான்" என்றாள். விலையைக் கேட்டுவிட்டுச் சுத்தியலோடு திரும்பி வந்தார்கள்.

அப்போதுதான் அர்த்தநாரி வந்தார்.

பரமத்தி வேலூருக்குக் கிழக்கே காவிரிக்கரையில் ஓர் ஊர். அங்கே நான்கு ஏக்கர் வெற்றிலைக் கொடிக்காலும், இரண்டு ரிக் வண்டியும், மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் பதவியும் உடையவர் அவர். எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடுவதில் உயர்வு தாழ்வு பார்க்காத மனிதர். உயர்வு தாழ்வெல்லாம் நாற்காலியிலும் டம்ளரிலும்தான். கோகிலவாணி வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கதவை மட்டும் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, சீட்டில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"டீ குடிக்கறீங்களா?" என்றாள்.

"சுகர் இருக்குது சாமி."

"சக்கரை இல்லாம போடறனுங்க."

"பாலும் ஆகாதுன்னுட்டாங்க" என்றவர், தன் பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்துக்கொண்டார். இந்த வியாதி கொங்குச் சீமையில் காலனி வாசல்களில் மட்டும் வருவது.

கோயில் கும்பாபிசேகத்துக்கு அம்மன் பாட்டு ஐந்து வேண்டும். பாட்டுக்குக் கூலி இல்லை. மைக்கைக் கமிட்டி வாங்கித் தரும், பாடி முடித்ததும் அவளே வைத்துக்கொள்ளலாம். "உன்ற குரலு கோயில் கோபுரத்து மேலருந்து நாலு ஊருக்குக் கேக்கும் சாமி. குடுத்து வெச்சிருக்கோணும்" என்றார்.

கார் போனதும் நிலவன் சிரித்தான். "எங்கப்பன் பேர் வெச்ச வீட்ல அம்மன் பாட்டு."

"சாமி இல்லைன்னு சொல்லறதுக்கும் ஒரு மைக்கு வேணுமில்ல மாமா?" என்றாள் அவள்.

கறுப்பு மைக்கின் படத்தை அனுப்பினாள். அர்த்தநாரி அன்றைக்கே கூப்பிட்டார். "இது ஏலம் போடறவன் கையில புடிக்கற மைக்காட்ட இருக்குதே சாமி. ப்ளெக்ஸ்ல போட்டா எடுப்பா இருக்கோணுமல்ல? தங்கக் கலர்ல, உருண்டையா ஒண்ணு இருக்குதாமே."

பட்டறையையும் சுத்தியலையும் பற்றி அவள் பத்து நிமிடம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எதுக்கும் அம்மன்கிட்ட பூப்போட்டுக் கேட்டுருவோம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்ட, பெண் எடுக்க, வழக்குப் போட எல்லாவற்றுக்கும் பூப்போட்டுத்தான் கேட்பார்கள். இலையில் வெள்ளை அரளியை மடித்து ஒரு பொட்டலம், செவ்வரளியை மடித்து ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் தங்க மைக், சிவப்பு வந்தால் கறுப்பு மைக் என்று முடிவாயிற்று. ஆறு மாதம் படித்தவளின் பேச்சுக்கும், சுத்தியல் தட்டிய சோதனைக்கும் இல்லாத மதிப்பு இரண்டு இலை மடிப்புக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். கோயில் வாசல் வளைவுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றார்கள். யாரும் உள்ளே வராதே என்று சொல்லவில்லை. சொல்லாமலே நடப்பதற்குத்தான் அந்த ஊரில் பழக்கவழக்கம் என்று பெயர்.

பூசாரி ஆண்டி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

கோகிலவாணிக்கு ஒரு கணம் அம்மன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

அர்த்தநாரி தொண்டையைக் கனைத்தார். "இன்னம் அபிசேகமே ஆகல. அம்மா முழிச்சிருக்கமாட்டா."

பாலூற்றி எழுப்பினார்கள். இரண்டாம் முறையும் செவ்வரளி.

"பொட்டலம் கட்டுனது யாரு?" என்றார் அர்த்தநாரி. "நாந்தானுங்க" என்றார் ஆண்டி. "கை கழுவுனயா?" ஆண்டி போய்க் கை கழுவிவிட்டு வந்து, புதிதாக மடித்துப் போட்டு எடுத்தார். முதலாளியின் முகத்தை இரண்டு முறை பார்த்துவிட்ட விரலுக்கு இலைக்குள்ளிருக்கும் பூவின் கனம் தெரியாமலா போகும்? வெள்ளை.

"சொல்லிட்டா! அம்மா சொல்லிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அர்த்தநாரி.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றான் நிலவன் வெளியில் நின்றபடி. "தோத்தவன் ஜெயிச்சதை இன்னைக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

"சும்மா இருங்க மாமா. ஏதோ ஒரு மைக்கு வருதில்ல."

தங்க மைக் வந்தது. நிலவன் ஸ்டாண்டுக்கு ஒரு இரும்புக் கம்பியை வளைத்து வைத்தான். ஜன்னலில் போர்வை, கதவில் மெத்தை, மூலையில் கோணிப்பை. அப்படியும் முதல் பாட்டில் "தாயே" என்று அவள் இழுத்த இடத்தில் மூன்று சுத்தியலடி விழுந்தது. "கருணை செய்வாய்" என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். சரணத்தில் ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டே, ரிவர்சுக்கு வைத்திருந்த ட்யூனை முழுதாக வாசித்துக் காட்டியது. பட்டறை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை முயன்றாள். பட்டறைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஹைவே முன்னால் வந்து நின்றது.

அர்த்தநாரி காரில் உட்கார்ந்தபடியே பாட்டைக் கேட்டார். முகம் சுருங்கிற்று. "அம்மன் எடுத்துக் குடுத்த மைக்கு தப்பா எடுக்காது சாமி. உங்க ஊட்லதான் ஏதோ தோசம் இருக்குது. ஒரு ஹோமம் பண்ணிப்போடலாம்."

"பண்ணலாங்க" என்றான் நிலவன் பணிவாக. "ஐயரை நீங்களே இந்தத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

ஹோமப் பேச்சு அத்தோடு நின்றது. நிலவன் நிற்கவில்லை. "கோயிலுக்குள்ளயே வெச்சுப் பாடிரலாங்களே? அமைதியான எடம். வேணும்னா அதுக்கும் பூப்போட்டுக் கேட்டுக்குங்க."

அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் அம்மன்கிட்ட கேக்கற கேள்வி இல்ல சாமி."

மைக் விசயத்தில் இரண்டு முறை எதிர்த்துப் பேசிய அம்மன், இதில் என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கலாம். பேச்சு இப்படியே போனால் மைக் திரும்பிப் போய்விடும் என்பது கோகிலவாணிக்குத் தெரிந்தது. நிலவனின் காலை மிதித்துவிட்டுச் சொன்னாள்: "கோயில் வேண்டாங்க. கல் மண்டபத்துல எப்படியும் எதிரொலி அடிக்கும். உங்க கொடிக்காலுக்குள்ள வெச்சுப் பாடறனுங்க."

அவள் அம்மா வெற்றிலை கிள்ளப் போன நாட்களில் கூடவே போயிருக்கிறாள். அகத்தி மரங்களில் கொடி ஏறி, ஆள் உயரத்துக்கு மேல் இலை மூடி, சுற்றிலும் கரும்புத்தோகைப் படல் கட்டிய இடம். காற்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரும். கூப்பிட்டால் குரல் சுவரில் மோதித் திரும்பாது, இலைக்குள் போய் அடங்கிவிடும். இதைவிட நல்ல ரெக்கார்டிங் அறை சென்னையிலும் இருக்க முடியாது.

அர்த்தநாரி யோசித்தார். கொடிக்காலுக்குள் காலனி ஆட்கள் நுழையலாம். நுழையாவிட்டால் வெற்றிலை கிள்ளுவது யார்? அங்கே கிள்ளிய இலை அம்மன் மடிவரை போகும், கிள்ளிய கை செருப்புக்குப் பக்கத்தில் நிற்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் ஒருநாளும் முட்டாள்கள் அல்ல.

"சரி. ஆனா கொடிக்கால் சுத்தம் பாக்கற எடம் சாமி. செருப்பு கூடாது. அப்பறம்..." என்று நிறுத்தி, நிலவனைப் பார்த்து, "மத்த சுத்தமெல்லாம் உங்க ஊட்ல தெரியும்" என்றார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இரவல் லேப்டாப், மைக், உறுமிக்காரர் ஒருவர், நாயனக்காரர் ஒருவர் சகிதம் போய்ச் சேர்ந்தார்கள். படல் வாசலில் அர்த்தநாரியின் மனைவி குப்பாயி நின்றிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது. கணவர் பத்தடி தள்ளி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி மோட்டார் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு கேக்கச் சொன்னாரு அம்முணி" என்று குப்பாயி குரலைத் தாழ்த்தினாள். "தூரம் கீரம் ஒண்ணும் இல்லியே? தீட்டுப் பட்டா வெத்தலைக்கொடி வாடிப்போயிரும்பாங்க."

அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள். அடிவயிற்றில் வலி உருண்டுகொண்டிருந்தது. முந்தின இரவே நிலவன், "நாளைத் தள்ளி வெச்சுக்கலாமா?" என்று கேட்டிருந்தான். "வாடுதான்னு பாத்துரலாம் மாமா. இவ்வளவு பெரிய சோதனையை ஒருத்தரும் இதுவரைக்கும் செஞ்சே பாக்கலையே" என்றிருந்தாள்.

"சுத்தமாத்தான் இருக்கனுங்க" என்றாள் இப்போது.

குப்பாயி அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு படலைத் திறந்துவிட்டாள்.

ஒரே மைக்கை நடுவில் நிறுத்தி, அவள் ஒரு சாண் தூரத்தில் நின்றாள். நாயனத்தை ஆறு அடியில் வைத்தாள். உறுமியை மூன்று பாத்தி தள்ளி, ஈர மண்ணில் உட்காரவைத்து, "இன்னும் பின்னால போங்கண்ணா, இன்னும்" என்று தண்ணீர்ப் பாத்திவரை விரட்டினாள். ஹெட்போனில் கேட்டபோது அவளுக்கே சிலிர்த்தது. ஊர் வம்பு கேட்கிற காதுக்கு அங்கே கேட்க வம்பே இல்லை. இலை அசைவு மட்டும், யாரோ தூரத்தில் புடவை மாற்றுவது போல. பத்தரை மணிக்குள் ஐந்து பாட்டும் முடிந்தன. எதிரே இல்லாத அம்மனை "தாயே" என்று கூப்பிட்டவள் வயிற்று வலியை எல்லாம் அந்த ஒரு சொல்லில் ஏற்றிவிட்டாள். மோட்டார் ரூம் பக்கம் நின்ற அர்த்தநாரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கும்பாபிசேகத்தன்று நாலு ஊருக்கும் கேட்டது. ப்ளெக்ஸில் எம்எல்ஏ படம், கமிட்டியார் படம், நடுவில் ஒளிவட்டத்தோடு தங்க மைக். பாடியவர் பெயர் இல்லை. அதற்கு இடம் போதவில்லை என்றார்கள்; மைக் கொஞ்சம் பெரிதாகிவிட்டதாம்.

வெற்றிலைக்கு என்ன ஆயிற்று? வாடவில்லை. மழையும் வெயிலும் அளவாக அமைந்த மாதம் அது. இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. பரமத்தி வேலூர்ச் சந்தையில் அர்த்தநாரியின் வெற்றிலைக் கவுளிகளைத்தான் வியாபாரிகள் முதலில் கேட்டார்கள். "அம்மன் பாட்டை அம்மன் மைக்குல கொடிக்காலுக்குள்ள பாடுனதுக்குப் பலன் பாத்தீங்களா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே ஒரு முடிவு வந்தது. ஒருநாள் கார் மறுபடியும் காலனி வாசலில் நின்றது.

"அந்த மைக்கைக் கோயில்ல வெச்சுப் பூசை பண்ணோணும்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம் சாமி."

"மைக்கு எனக்குன்னுதானுங்களே பேச்சு?"

"பேச்சுதான். இல்லேங்கல. ஆனா அம்மன் பொருளை ஊட்ல வெச்சுக்கலாமா? குத்தமாயிருமே. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நிலவன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஐந்து பாட்டு, இரண்டு பஸ் பயணம், ஒரு வயிற்று வலி. கோபப்பட்டால் இதில் ஒன்றும் திரும்பாது. இவர் நியாயத்துக்கு அசையும் ஆள் இல்லை. அசைவது எதற்கு என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

"எடுத்துக்குங்க" என்றாள். "ஆனா எனக்கும் ராத்திரியெல்லாம் ஒரு யோசனைங்க. அன்னைக்கு அம்மன் ரெண்டு வாட்டி கறுப்பு மைக்கைத்தானுங்க காட்டுனா. ஒரு வாட்டி சொன்னதுக்கே வெத்தலை இப்படி வந்துச்சு. ரெண்டு வாட்டி சொன்னதை வாங்காமயே உட்டுட்டமே, அது குத்தமாயிராதுங்களா?"

அர்த்தநாரி பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

"கறுப்பு என்ன வெலை?"

"தங்கத்துல பாதிங்க."

மறுநாள் மத்தியானம் கறுப்பு மைக் வந்தது. அதைக் கோயிலில் வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்க்க எடுப்பாக இல்லையே.

பன்னிரண்டாவது பாட்டை அவள் ஒரே நாளில் எழுதினாள். பட்டறை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த பகல் பன்னிரண்டு மணிக்கு, பீரோவுக்கு வெளியே, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மைக்கை உதட்டருகே வைத்துப் பாடினாள்:

மூணு நாள் ஆகலே, முழுக்கும் போடலே,
கொடிக்கால் நடந்தேனடி – ஒரு
கொழுந்தும் கருகலடி.
இலைக்கே தெரியாத தீட்டு – அதை
எவன் சொன்னான் கணக்குப் போட்டு?

ஊர்ப் பெயர் போடவில்லை. பாடியவர் கோகிலவாணி என்று மட்டும், கொட்டை எழுத்தில் போட்டு, யூடியூபில் ஏற்றினாள். முதல் வாரம் எண்ணூறு பேர் பார்த்தார்கள். அதில் இருநூறு பேர் திட்டினார்கள். திட்டுகிறவன் முழுதாகக் கேட்டிருக்கிறான் என்று நிலவன் சமாதானம் சொன்னான். அடுத்த வாரம் கேட்டவர்கள் நாற்பதாயிரம்.

பதினைந்தாவது நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அம்முணி, நான் குப்பாயி பேசறேன். கொடிக்காக்காரரு ஊட்ல."

கோகிலவாணி கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். "சொல்லுங்கம்மா."

"என்ற மருமக போன்ல உன்ற பாட்டைக் காமிச்சா. அன்னைக்கு உனக்குத் தூரந்தானே?"

பொய் சொல்ல இடமிருந்தது. "ஆமாங்க" என்றாள்.

வசவுக்குக் காத்திருந்தாள். வந்தது மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"உன்ற மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன். நான் கண்ணாலமாகி வந்து முப்பத்தெட்டு வருசமாச்சு சாமி. ஆளு வராத நாள்ல தண்ணி கட்டறது ஆரு? நாந்தான். தூரம்னு சொன்னா மூணு நாளைக்குத் தண்ணி நின்னுபோகும், வெயில்ல கொடி நெசமாவே வாடிப்போயிரும். அதனால அந்தக் காலத்துல அவரு கேட்டப்பெல்லாம் சுத்தமாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன். என்ற மாமியா அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தா. இப்ப மருமகளும் அதே."

"வெத்தலைங்க?"

"அதுக்கென்ன, அது பாட்டுக்கு வளருது." குரல் தாழ்ந்தது. வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. "இதையும் ஒரு பாட்டாக் கட்டு. பேரை மட்டும் போட்டுறாத அம்முணி. அவருக்குத் தெரிஞ்சா நாலு ஏக்கரையும் அழிச்சுப்போட்டு வாழை வெச்சிருவாரு."